மூன்றாவது ஸ்க்ரூவும் பின்பக்கத்து அறையும்

பின்பக்கத்து அறை இனிமேல் தமக்குத்தான் என்று ஆபீசர் ஒரு திங்கட்கிழமை காலையில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்துத் தீர்மானம் போட்டார். கண்ணாடியில் இருந்தவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஆபீசர் என்றால் பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட வேண்டாம். குடிநீர் அலுவலகத்தில், புகார் பிரிவில் மூத்த எழுத்தர். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் செக்கச் செவேலென்று வருகிறது, மீட்டர் பின்னோக்கி ஓடுகிறது என்று ஜனங்கள் எழுதும் கடிதங்களுக்கெல்லாம், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். பரிசீலனைக்குள் போன மனு எதுவும் வெளியே வந்ததாக இதுவரை தகவல் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லாரும் அவரை ஆபீசர் என்று கூப்பிட்டார்கள். அதில் பாதி மரியாதை. மீதிப் பாதி என்ன என்று அவர் யோசித்ததில்லை.

அவர் மனைவிக்கு அந்தக் கட்டடத்தில் டெய்லரம்மா என்று பெயர். இது முழு மரியாதை. கூடத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமானால் நீல நிறத் துணி மூட்டை இரண்டைத் தாண்டி, வெள்ளை மூட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். துணி வெட்ட ஒரு மேசை போடவேண்டும், பின்பக்கத்து அறையைக் கொடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'பரிசீலிக்கலாம்' என்பார் ஆபீசர்.

அவருக்கு அந்த அறையில் பட்டறை வைக்க ஆசை. கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டி நிறையக் கருவிகள் வைத்திருந்தார். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் பதினொன்று. வீட்டில் எந்தப் பொருளைக் கண்டாலும் அதைத் திறந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சுவர்க் கடிகாரத்தைத் திறந்தார். மூடியபோது இரண்டு பாகம் மிச்சம் வந்தது. அன்றிலிருந்து அந்தக் கடிகாரம் மணி காட்டுவதை விட்டுவிட்டு அபிப்பிராயம் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசல் மணியைத் திறந்தார். இப்போது யாராவது வாசலில் பொத்தானை அழுத்தினால் குளியலறை விளக்கு எரியும். வீட்டில் இருப்பவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். குளிக்கிறவர்களுக்குத்தான் வெளியே யாரோ வந்திருப்பது முதலில் தெரியும். எதையாவது திறந்தால் 'ஏன் திறந்தீங்க' என்று கேட்க ஆள் இல்லாத இடம் ஒன்று, நான்கு சுவரும் ஒரு கதவுமாக, இந்த ஜன்மத்தில் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கோரிக்கை.

அன்று சாயங்காலம் மாமனார் போன் செய்தார். மகளோடுதான் பேசினார்.

மாமனார் துப்பாக்கி சுடும் பயிற்சிக் களம் ஒன்றைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று மூத்த மகன் வீட்டோடு போனபோது, தம்முடைய பழைய காற்றுத் துப்பாக்கியை மகளிடம் கொடுத்து வைத்திருந்தார். அது அவள் தைத்த உறைக்குள், அலமாரிக்கு மேலே கிடந்தது. இப்போது களத்தில் வருடாந்தரப் போட்டி. முதல் குண்டை அவர்தான் சுட வேண்டும் என்று பழைய சிஷ்யர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். துப்பாக்கிக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோய்க் காற்று நிற்பதில்லை. அதை மாற்ற வேண்டும். மாற்றுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் குழலையும் மரக்கட்டையையும் பிரிக்க மூன்று ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், அதற்கு மணிக்கட்டில் பழைய பலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருகிறேன், அதற்குள் கழற்றி வைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

"அப்பா சொன்னாரு, அந்த மூணாவது ஸ்க்ரூவை மட்டும்..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

ஆபீசர் கையைத் தூக்கினார். "நிறுத்து. ஸ்க்ரூ விஷயத்துல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

அவள் நிறுத்திவிட்டாள். சொன்னால் உடனே கேட்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது என்பது பதினெட்டு வருட அனுபவம். அப்படியிருக்க இவ்வளவு சுலபமாக நிறுத்தினாளே என்று ஒரு சந்தேகம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தைக்குப் பின்னால் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர் இருக்கிறார், பத்து நிமிஷ வேலை, கொடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான், ஆபீசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினொரு ஸ்க்ரூ டிரைவர் கட்டிலுக்கு அடியில் இருக்க, ஒரு ரிப்பேர்க்காரனா? பின்பக்கத்து அறைக் கனவும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். ஒரு காகிதத்தை எடுத்து, ஆபீஸ் நடையில், ஷரத்து ஷரத்தாக எழுதினார்.

ஒன்று: மேற்படி துப்பாக்கியின் கடைசி ஸ்க்ரூவை வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் கழற்றி மேசைமேல் வைப்பவருக்கே பின்பக்கத்து அறை சேரும். இரண்டு: இவ்வீட்டில் குடியிருப்போர் தவிர வெளியாள் எவரும் கை வைக்கலாகாது. மூன்று: இவ்வீட்டில் ஏற்கெனவே உள்ள சாமான்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நான்கு: முடிவு இறுதியானது; மேல்முறையீடு கிடையாது.

இரண்டாவதும் மூன்றாவதும் ரிப்பேர்க்காரரை வாசலோடு நிறுத்துவதற்கு. முதலாவதில் 'கடைசி ஸ்க்ரூ' என்று போட்டது பழக்க தோஷம். ஆபீசில் யார் எவ்வளவு எழுதினாலும் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் பேர்.

மனைவி மிஷினை நிறுத்திவிட்டு, காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். மிஷின் நின்றால் அந்த வீட்டில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

"கழற்றி வைப்பவருக்குன்னு போட்டிருக்கீங்க. உங்களுக்குன்னு போடலையே?"

"அப்படித்தான் எழுதணும். ஆபீஸ்ல யாரையும் குறிப்பிட்டு எழுத மாட்டோம். நடுநிலை."

"அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"நாலாவது ஷரத்தைப் படி."

அவள் கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். பிறகு துப்பாக்கியை இறக்கி, உறையிலிருந்து எடுத்து, குழலை மடக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குண்டு இருக்கிறதா என்று பார்த்து, மூடி, அவர் கையில் கொடுத்தாள். துணிக்கு ஓரம் அடிக்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் செய்தாள். ஆபீசர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் வேலையை ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து, துப்பாக்கியைக் குப்புறப் படுக்க வைத்தார். முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது அதைவிடச் சுலபமாக வந்தது. ஆபீசர் வாயில் பாட்டு வந்தது. பின்பக்கத்து அறையில் எந்தச் சுவரில் பலகை அடிப்பது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

மூன்றாவது ஸ்க்ரூ அசையவில்லை. குனிந்து பார்த்தார். தலையைச் சுற்றி மெல்லிசாக ஒரு சிவப்பு வளையம். சிவப்பைக் கண்டதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகத் துருப்பிடித்த குழாய்களைப் பற்றியே படித்து வந்தவர். அவர் கணக்கில், இரும்பின் மேல் சிவப்பாக இருப்பதெல்லாம் துரு.

டிரைவரை அழுத்தி, பல்லைக் கடித்து, ஒரு திருகு திருகினார். டிரைவர் நழுவியது. ஸ்க்ரூவின் தலையிலிருந்த வெட்டை நடுவில் சுரண்டிக்கொண்டு, அதே வேகத்தில் மரக்கட்டையின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, மேசை விளிம்பில் போய் நின்றது.

கூடத்தில் மிஷின் நின்றது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை. பரிசீலனை நடக்குது."

மிஷின் மறுபடி ஓடியது. ஆபீசர் மூச்சை விட்டார். பிறகு அந்தக் கோட்டைப் பார்த்தார். மாமனாரின் முகம் கண் முன்னே வந்தது. மாமனார் யாரையும் அதட்டிப் பேசியவரில்லை. களத்தில் நின்று நின்று, யாரோடு பேசினாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன நாளிலும் அப்படித்தான் பார்த்தார். அதட்டினால்கூடத் தேவலை என்று ஆபீசருக்கு அன்றே தோன்றியது.

கோட்டை மறைக்க ஷூ பாலீஷை எடுத்துத் தடவினார். கோடு மறைந்தது. ஆனால் தடவின இடம் மட்டும் கருத்துத் திட்டாகத் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட அக்கம்பக்கத்தில் தடவினார். அது சரியாக, மறுபக்கம் வெளிறித் தெரிந்தது. கடைசியில் டப்பா காலியாகும்வரை தடவி, துப்பாக்கி முழுவதையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தார். மறுநாள் ஆபீசுக்கு அவர் போட்டுக்கொண்டு போன ஷூவைவிட அந்தத் துப்பாக்கி பளபளப்பாக இருந்தது.

புதன்கிழமை மண்ணெண்ணெய். துருவுக்கு அதுதான் மருந்து என்று சொட்டுச் சொட்டாக விட்டார். அரை மணிக்கு ஒரு தடவை போய், ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தார். ஸ்க்ரூ குளித்துவிட்டு இன்னும் அழகாகச் சிரித்தது. பிறகு, வெட்டுக்கும் டிரைவருக்கும் நடுவில் ரப்பரை வைத்தால் பிடிப்புக் கிடைக்கும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. சீருடைக்காக மனைவி வாங்கி வைத்திருந்த எலாஸ்டிக்கில் ஒரு முழம் நறுக்கினார். இழுத்துப் பிடித்துத் திருகியபோது எலாஸ்டிக் விடுபட்டுப் போய் மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் முழுவதும் அது தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, மிச்ச எலாஸ்டிக்கை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வியாழக்கிழமை அவள் நல்ல பச்சை நிறத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, பின்பக்கத்து அறை ஜன்னலை அளக்க வேண்டும், நாடாவின் ஒரு முனையைப் பிடியுங்கள் என்றாள். ஆபீசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு, தம்முடைய பட்டறைக்கு அவளே திரை தைத்துப் போடுகிறாள், பாவம், நல்ல மனசு என்று நினைத்தார். நாடாவைப் பிடித்தார். நாற்காலியில் ஏறித் திரைக்கம்பியின் நீளத்தையும் அளந்து சொன்னார். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நிறத்தையும் பாராட்டினார். அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறாளே, அந்த ஸ்க்ரூவைக் கழற்றாமல் இருக்கலாமா என்று ஒரு வேகம் வந்தது. மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டார்.

கீழ்த்தளத்தில் பல் டாக்டர் ஒருவர் கிளினிக் வைத்திருந்தார். அவரிடம் சின்னச் சின்னதாக டிரில் இருக்கிறது. ஸ்க்ரூ தலையில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டால் தீர்ந்தது. இரண்டாவது ஷரத்து இடித்தது உண்மைதான். ஆனால் வெளியாள் கை வைக்கக் கூடாது என்றுதானே இருக்கிறது, கண் வைக்கக் கூடாது என்று இல்லையே என்று தமக்குத்தாமே விளக்கம் எழுதிக்கொண்டார். மனைவி துணிக்கடைக்குப் போன சமயம் பார்த்து, துப்பாக்கியைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

காத்திருக்கும் இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒருவர் ஆபீசரைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார், விரிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்த குழலின் முனையைப் பார்த்தார். தமக்கு வலி சுத்தமாக நின்றுவிட்டது என்று நர்சிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். மற்ற இருவருக்கும் அதே நேரத்தில் வலி நின்றது. அந்தக் கிளினிக்கில் அவ்வளவு சீக்கிரம் மூன்று பேர் குணமானது அதுவே முதல் தடவை.

பல் டாக்டர் எதற்கும் அசராத மனிதர். துப்பாக்கியை நாற்காலியில் படுக்க வைக்கச் சொல்லி, விளக்கை இழுத்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"செவ்வாய்க்கிழமையிலிருந்து, டாக்டர்."

"நீங்களே பிடுங்கப் பாத்தீங்களா?"

"லேசா."

"எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. நல்லா நோண்டி நாசம் பண்ணிட்டு அப்புறம் எங்கிட்ட வர்றது." கொக்கி மாதிரி ஒரு கம்பியை எடுத்து, சிவப்பு வளையத்தின் ஓரத்தைச் சுரண்டினார். "இது துரு இல்லை சார். துருன்னா பொடியா உதிரும். இது பளபளன்னு ஏடு மாதிரி உரியுது. ஏதோ பூச்சு. எதுல பிடிச்சிருக்குன்னு தெரியாம இழுக்கக் கூடாது."

ஆபீசர் சிரித்துக்கொண்டார். பல் பார்க்கிறவர் இரும்பைப் பற்றிப் பேசுகிறார். துருவைப் பற்றித் தாம் எழுதிய பதில்களை அடுக்கினால் இந்தக் கட்டடத்தின் உயரத்துக்கு வரும். டிரில் போடுங்கள் என்று கேட்டார். டிரில் பல்லுக்கு மட்டும்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகும்போது நர்ஸ் பழக்கத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிட வேண்டாம் என்றாள்.

அந்த நர்சின் வேலைக் கோட்டுக்குக் காலர் மாற்றிக்கொண்டிருந்தது யார் என்பதை ஆபீசர் மறந்துவிட்டார். சாயங்காலம் துணிக்கடையிலிருந்து வந்த மனைவி, மிஷினில் உட்கார்ந்து, நூலைக் கோத்துக்கொண்டே விசாரித்தாள்.

"பல் வலியாமே?"

ஆபீசர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆ... ஆமாம். லேசா."

"எந்தப் பல்லு?"

"அடிப்பக்கம். மூணாவது."

"ஆடுதா?"

"எங்க ஆடுது? அசையவே மாட்டேங்குது."

அவள் ரொம்ப அனுதாபப்பட்டாள். அன்று ராத்திரி மென்று தின்னும்படியாக ஒன்றும் அவர் தட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை காலையிலும் வரவில்லை. மத்தியானமும் வெறும் நீர் ஆகாரம். அவள் மட்டும் எதிரில் உட்கார்ந்து எதையோ மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிட்டாள். வலி சரியாகிவிட்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பல் விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வயிறு ஒட்டிப்போன கோபத்தில், பின்பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உளியும் சுத்தியலுமாக ஸ்க்ரூவின் தலையைத் தட்டிப் பார்த்தார். தலை சற்று நசுங்கியது. திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஆபீசர் மேசை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். பதினொரு ஸ்க்ரூ டிரைவரும் வரிசையாகக் கிடந்தன. திடீரென்று காய்ச்சல் வந்தால் எப்படி என்று யோசித்தார். தூரத்து உறவில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்றும் யோசித்தார். அறை போனால் போகட்டும், அதுகூட இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. கிழவர் இத்தனை வருடத்தில் மாப்பிள்ளையிடம் ஒரு உதவி என்று கேட்டதே கிடையாது. மணிக்கட்டில் பலம் இல்லை என்று மகளிடம் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நாளைக்கு மறுநாள் அத்தனை பேர் முன்னால் காற்றுப்போன துப்பாக்கியோடு அவர் நிற்கப் போகிறார். அதுவும் தம்மால்.

எழுந்து கூடத்துக்குப் போனார். நீல மூட்டைக்கும் வெள்ளை மூட்டைக்கும் நடுவில் நின்றார்.

"என்னால முடியலை," என்றார். "கெடுத்து வச்சிருக்கேன். அப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு."

மிஷின் நின்றது. அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கேலி ஒன்றும் அந்தப் பார்வையில் இல்லை. "கொண்டாங்க இப்படி," என்றாள்.

துப்பாக்கியைத் துணி தேய்க்கும் பலகையில் கவிழ்த்துப் போட்டாள். குழலை மடக்கி, உள்ளே பார்த்து, மூடினாள். ஸ்க்ரூவைச் சுற்றி ஈரத் துணியை வைத்து மரத்தை மறைத்தாள். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அதன் கூரான முனையை ஸ்க்ரூவின் தலைமேல் வைத்து, ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிற நேரம் அப்படியே பிடித்துக்கொண்டாள். லேசாகச் சாயம் கருகும் வாசனை வந்தது.

"துருவுக்குச் சூடு ஆகாதே," என்றார் ஆபீசர், பழக்கத்தில்.

"துருன்னு யார் சொன்னா?"

அவள் தையல் மிஷினைக் கண்ணால் காட்டினாள். ஆபீசர் குனிந்து பார்த்தார். மிஷினில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் ஓரத்திலும் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு. அதிர்ச்சியில் கழன்று விழாமல் இருக்க ஒரு சொட்டு விட்டு முறுக்குவது அவள் வழக்கம். பதினெட்டு வருடமாக அந்த மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

மிஷினின் இழுப்பறையிலிருந்து குட்டையாக, அகலமாக ஒரு டிரைவரை எடுத்தாள். அதன் முனையில் துணிக்கு அடையாளம் போடும் சாக்பீஸை இரண்டு பக்கமும் தேய்த்தாள், வழுக்காமல் இருக்க. ஆபீசரின் ஒல்லி டிரைவர் வெட்டின் நடுப்பகுதியைத்தான் தின்றிருந்தது. இரண்டு ஓரமும் மிச்சம் இருந்தன. அகல முனை அந்த இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டது. உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்து, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு திருப்பினாள். கிரிச் என்று ஒரு சத்தம். பிறகு மறுபக்கம் திருப்பினாள். மூன்றாவது ஸ்க்ரூ, இத்தனை நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, சாதுவாக மேலே வந்தது.

அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஆபீசருக்கு வந்த நிம்மதியில் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. 'கடைசி ஸ்க்ரூவைக் கழற்றி மேசைமேல் வைப்பவருக்கே' என்கிற வாசகம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்தார். குடியிருப்பவர். வீட்டுச் சாமான். நான்கு மணிக்குள். ஷரத்து ஷரத்தாகச் சரிபார்த்தார். எழுதியவர் நல்ல அனுபவசாலி, ஓட்டை எங்கேயும் இல்லை.

குளியலறை விளக்கு எரிந்தது. மாமனார் வந்துவிட்டார்.

வந்தவர் கையில் நீளமாக எதையோ காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு, நேரே துப்பாக்கியிடம் போனார். இடது கண் மூடியது.

"என்ன மாப்பிள்ளை, கட்டை கருத்துப்போச்சு?"

"வெயில் படாம வச்சிருந்தோம், மாமா," என்றார் ஆபீசர்.

மாமனார் கட்டையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். வாசலில் கிடந்த ஆபீசரின் ஷூவைப் பார்த்தார். துப்பாக்கியை வைத்துவிட்டு மூன்றாவது ஸ்க்ரூவைக் கையில் எடுத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஸ்க்ரூ பத்து தடவை சுட்டால் கழன்றுவிடுமாம். பதினாறு வயதில் மகள்தான் நகப்பூச்சு விட்டு இறுக்கினாளாம். களத்தில் அத்தனை துப்பாக்கிக்கும் அவள்தான் வைத்தியமாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சூடு காட்டாம இது வராதே, அதனால மூணாவதை மட்டும் நீ கழட்டுன்னு போன்லயே சொன்னேனேம்மா, மாப்பிள்ளைகிட்டச் சொல்லலையா?" என்று கேட்டார்.

ஆபீசர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் திங்கட்கிழமையே தெரியுமா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்கதானே நிறுத்துன்னீங்க."

அதற்குள் மாமனார் சுவரில் சாய்த்ததைப் பிரித்தார். பளபளவென்று ஒரு திரைக்கம்பி. மாப்பிள்ளை அளந்து சொன்ன நீளம் என்று மகள் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள், கச்சிதமாக வெட்டி வாங்கி வந்திருக்கிறார். அதைச் சுவரில் மாட்ட நான்கு ஸ்க்ரூ வேண்டும், நான் மாட்டட்டுமா என்று ஆபீசர் ஒரு அடி முன்னால் வைத்தார். அப்பாவும் மகளும் ஒரே குரலில், "வேண்டாம்" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை களத்தில் மாமனார் முதல் குண்டிலேயே நடு வட்டத்தை அடித்தார். கைதட்டலுக்கு நடுவே திரும்பி, ஒரு கண்ணை மூடி மாப்பிள்ளையைப் பார்த்தார். இந்தத் தடவை அது கண்ணடித்த மாதிரி இருந்தது. ஆபீசரும் சந்தோஷமாகத்தான் கைதட்டினார்.

அடுத்த வாரத்துக்குள் கூடம் காலியாகிவிட்டது. பின்பக்கத்து அறையில் வெட்டும் மேசை வந்தது, மிஷின் வந்தது, பச்சைத் திரை காற்றில் ஆடியது. உண்மையிலேயே கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆபீசர் தம்முடைய நான்கு பெட்டியையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, பார்த்து, மறுபடி உள்ளே தள்ளினார். பிறகு அறை வாசலில் போய் நின்று தொண்டையைக் கனைத்தார். மூலையில் ஒரே ஒரு பலகை போதும், ரெண்டடி அகலம், கருவிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன், எதையும் திறக்க மாட்டேன் என்று எடுத்துச் சொன்னார். ரொம்பப் பணிவாகவே சொன்னார்.

மிஷின் நிற்கவில்லை. அவள் தலையையும் நிமிர்த்தவில்லை.

"உங்க மனு வந்து சேர்ந்துச்சு," என்றாள். "பரிசீலனையில இருக்கு."